அந்தோணியாருக்கு வட்டி

ஜூன் 11, 2023, ஞாயிறு: பெங்களூரு

அத்தை கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினார். வயது எழுபத்திரண்டு. கையில் துணிப்பை, கழுத்தில் ஜெபமாலை, முகத்தில் மனக்குறை. கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் அன்று மதியம் ஒரு மணிக்குத்தான் தொடங்கியது. அத்தை ரயில் ஏறியது பதினொன்றரைக்கு.

"ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்தால் பஸ்ஸில் சும்மா வந்திருப்பேன், தம்பி."

மறுநாள் நாங்கள் புறப்பட வேண்டியது டோர்னஹள்ளிக்கு. மைசூரு மாவட்டத்தில் கே.ஆர்.நகரை ஒட்டிய சின்ன ஊர். ஜூன் 13 அங்கே புனித அந்தோணியார் திருவிழா. பெங்களூரில் நாங்கள் இருக்கும் லிங்கராஜபுரத்தில் வருஷா வருஷம் வேன் வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நான் போனதில்லை. கூட்டம் எனக்கு ஆகாது. வரிசையில் நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வங்கி வேலையில் முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்த பாவம் என்று என் மனைவி சொல்வாள்.

அத்தைக்கு அவசரம். இந்த வருஷம் 13-ஆம் தேதி செவ்வாய்க்கிழமையில் விழுந்திருக்கிறது. அந்தோணியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதால் அது அவருடைய கிழமை. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். இப்படித் திருநாளும் கிழமையும் சேர்ந்து வர இனி 2028 ஆகும்.

"அதுவரை நான் இருப்பேனா, அவர்தான் காத்திருப்பாரா?"

அவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2001 பிப்ரவரி கடைசியில் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். மாமாவுக்கு வேலை போயிற்று. அந்த ஜூன் மாதம் அத்தை அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார்: மூத்தவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தால் டோர்னஹள்ளிக்கு வந்து ஏழைகளுக்குப் பதின்மூன்று பன் கொடுப்பேன். மூன்றே மாதத்தில் வேலை கிடைத்தது. விடியற்காலை ரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் வீடு திரும்பும் தங்கவயல் கூட்டத்தில் அவனும் ஒருவனானான். ஆனால் பன் போகவில்லை. ஒரு வருஷம் அம்மை, ஒரு வருஷம் கல்யாணம், ஒரு வருஷம் மாமாவின் சாவு, பிறகு முழங்கால், பிறகு கொரோனா. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"நீ வங்கியில் இருந்தவன்தானே. வட்டி போட்டுச் சொல்."

விளையாட்டு என்று நினைத்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். தனி வட்டி என்றால் முப்பத்தாறு பன். கூட்டு வட்டி என்றால் எழுபத்தொன்று.

"உங்கள் வங்கியில் கடன் வாங்கினவனுக்கு எது போடுவீர்கள்?"

"கூட்டு வட்டிதான்."

"அப்படியானால் அதுவே."

தெருமுனை ஐயங்கார் பேக்கரியில் ஒரு பன் எட்டு ரூபாய். எழுபத்தொன்றுக்கு 568. மைசூரில் வாங்கிக்கொள்ளலாம், அங்கேயும் மாவும் அடுப்பும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். தெரியாத கடையின் பன்னை அந்தோணியாருக்குக் கொடுப்பதா என்று கேட்டுவிட்டார். பேக்கரிப் பையன் இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்கிச் சணல் கட்டிக் கொடுத்தான். கணக்கு சரிதானா என்று அத்தை பெட்டிகளைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார்.

ஜூன் 12, திங்கள்: பெங்களூரிலிருந்து மைசூரு

காலையில் ஓசூரிலிருந்து சம்பந்தியம்மாவும் வந்து சேர்ந்தார். அத்தையின் மகளுடைய மாமியார். அவருக்கு முழங்கால் வலிக்காக ஒரு வேண்டுதல். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் மரியாதை அதிகம். அதனால் எதையும் நேராகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகப் போய் வரும்.

மைசூரு ரோடு சேட்டிலைட் பஸ் நிலையத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. இலவசம் தொடங்கி முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. கையில் ஆதார் அட்டையைப் பிடித்தபடி பெண்கள், பெண்கள், பெண்கள். மாமியாரும் மருமகளும் ஒரே நிறப் புடவையில். பூக்கூடையோடு ஒருத்தி. எங்கே போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யாத நான்கு கல்லூரிப் பெண்கள், எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு பஸ்களைக் கோட்டை விட்டபோது அந்தப் பிரியம் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவதில் ஏறினோம். பெட்டிகளை மேலே தட்டில் வைக்க இடமில்லை. ஒன்று என் மடியில், இன்னொன்று அத்தையின் காலடியில். கண்டக்டர் இளைஞர், குரல் அதற்குள் போய்விட்டிருந்தது. "ஹிந்தே ஹோகி, ஹிந்தே ஹோகி" என்று கிசுகிசுத்தபடி கூட்டத்தைப் பின்னால் தள்ளினார். அத்தையிடம் ஆதார் கேட்டார். அத்தை தங்கவயல் முகவரியைக் காட்டிக் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினார். தங்கவயல் தமிழர்களின் கன்னடத்தில் எல்லாச் சொல்லும் சரியாக இருக்கும், ராகம் மட்டும் நம்முடையதாக இருக்கும். கண்டக்டர் சிரித்துக்கொண்டே "தகொள்ளி அஜ்ஜி" என்று பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கொடுத்தார். அத்தை அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார்.

சம்பந்தியம்மாவின் ஆதார் ஓசூர். கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே சலுகை. முழு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

"எங்கள் ஊரில் 2021-லேயே கொடுத்துவிட்டார்கள் என்று உன் அத்தையிடம் சொல்லப்பா" என்றார் என்னிடம்.

"அது டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தானாம் என்று சம்பந்தியிடம் சொல், தம்பி" என்றார் அத்தை.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் டிக்கெட்டுக்கும் சம்பந்தியம்மா டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தேன்.

மார்ச்சில் திறந்த புதிய விரைவுச் சாலையில் போனால் ஒன்றரை மணி நேரம் என்கிறார்கள். எங்கள் பஸ் எல்லா ஊரிலும் நின்றது. ராமநகரம், பொம்மைகளுக்குப் பெயர் போன சென்னபட்டணம், மத்தூர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பேர் இறங்கப் பத்துப் பேர் ஏறினார்கள். கேரளத்துக்கே இந்த முறை 8-ஆம் தேதிதான் பருவமழை வந்தது. அரபிக்கடலில் ஒரு புயல் வேறு சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மேகம்கூட இல்லை. ஜூன் பாதியில் ஏப்ரல் வெயில். ஜன்னலோரம் கிடைத்தவர்கள் ஜன்னலோரம் கிடைத்ததற்காக வருத்தப்பட்டார்கள்.

மத்தூரில் வடை. ரவையும் அரிசி மாவும் மைதாவும் வெங்காயமும் பிசைந்து தட்டையாகத் தட்டிப் பொரித்தது. விளிம்பு முறுகல், நடு மெத்தென்று. ஒன்று இருபது ரூபாய். கீழே இறங்கி மூன்று வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினேன். விரைவுச் சாலை வந்தபின் கார்க்காரர்கள் ஊருக்குள் வருவதில்லை, இனி எங்களுக்கு இந்த பஸ்தான் என்றார் வடைக்காரர்.

நான் மறுபடி ஏறியபோது என் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. அவர் குழந்தைக்கு வசதியாக இருக்கட்டும் என்று என் அட்டைப் பெட்டியைக் கால்மாட்டில் இறக்கி, அதன்மேல் தன் காலைத் தூக்கி வைத்திருந்தார். மண்டியா தாண்டியதும் அந்தப் பெட்டியின் ஒரு பக்கம் உள்வாங்கியது. சொல்லலாமா வேண்டாமா என்று ஸ்ரீரங்கப்பட்டணம் வரை யோசித்தேன்.

மைசூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் இரண்டு அறைகள். மாலையில் பிலோமினா பேராலயம். 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோவில். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. இரண்டு கோபுரங்களும் அந்த வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தன. இந்தப் புனிதையின் திருநாளை 1961-இல் வத்திக்கான் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது என்று தெரியாத்தனமாக வாயை விட்டேன்.

"பட்டியலில் பெயர் எடுத்துவிட்டால் ஆள் போய்விடுமா? எங்களையும்தான் 2001-இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்" என்று அத்தை ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினார்.

இரவு அறையில் பெட்டிகளைத் திறந்தோம். பதினெட்டு பன் அப்பளமாகியிருந்தது. எண்ணிக்கை எழுபது.

மறுபடியும் எண்ணினோம். எழுபதுதான். சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வழியில் சாப்பிடத்தான் கொண்டு வந்தீர்கள் என்று நினைத்தேன். சர்க்கரை நோய்க்காரி, வடையை மட்டும் தின்றால் ஆகாது" என்றார். முதல் தடவையாக நேராக அத்தையிடம் சொன்னார்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. நசுங்கிய பன்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சப்பாத்தி மாவை உருட்டுவதுபோல் மெதுவாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். பத்து மணிக்குப் பிறகும் அந்த அறையில் விளக்கு எரிந்தது.

ஜூன் 13, செவ்வாய்: டோர்னஹள்ளி

ஆறு மணி பஸ். கே.ஆர்.நகர் வரை நின்றபடி. அங்கிருந்து டோர்னஹள்ளிக்கு ஆட்டோ. மூன்று பேருக்கு நூற்றைம்பது கேட்டார், பெட்டியைப் பார்த்து இருநூறாக்கினார், பெட்டியில் என்ன என்று தெரிந்ததும் மறுபடி நூற்றைம்பதுக்கு இறங்கினார். ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒரு பக்கம் அந்தோணியார், மறு பக்கம் சாமுண்டீஸ்வரி.

ஏழரைக்கே வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. நான் ஏதோ நம் சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவைப்போல என்று நினைத்து வந்தேன். அங்கே செப்டம்பரில் கூட்டம் வரும். ஆனால் பெரும்பாலும் முகம் தெரிந்த கூட்டம். இங்கே எனக்கு முன்னால் நின்றவர் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. பின்னால் நின்ற குடும்பம் மண்டியா பக்கத்துக் கரும்பு விவசாயிகள். அந்த அம்மா மஞ்சள் பூசிக் குளித்து, தலை நிறைய மல்லிகை வைத்து, தேங்காய் பழத்தோடு வந்திருந்தார். ஞானஸ்நானம் வாங்கியவர்களை எண்ணினால் எங்கள் பகுதி வரிசையில் நாங்கள் மூவரும் இரண்டு கன்னியரும்தான் தேறுவோம் போலிருந்தது.

விபூதிக்காரர் எனக்குத் தல வரலாறு சொன்னார், நான் கேட்காமலே. ஒரு விவசாயி உழுதுகொண்டிருந்தபோது ஏர்முனையில் ஒரு மரச்சிலை தட்டுப்பட்டது. பொம்மை என்று நினைத்துக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டார். பிறகு வீட்டில் கஷ்டம் மேல் கஷ்டம். கனவில் ஒரு சன்னியாசி வந்து, நான் பொம்மை இல்லை, எனக்கு ஓர் இடம் கொடு என்றாராம். "சன்னியாசி என்றால் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? யாராக இருந்தாலும் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே" என்று முடித்தார். அந்த இடத்தில் எழுந்த கோவிலுக்குத்தான் 2019-இல் பசிலிக்கா பட்டம் கிடைத்தது. சிவாஜிநகருக்கு அது 1973-இலேயே கிடைத்துவிட்டது என்று அத்தை அவருக்கு விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

ஒன்பது மணிக்கு வெயில் உச்சந்தலையில் இறங்கியது. இளநீர் நாற்பது ரூபாய். யாரும் பேரம் பேசவில்லை. கரும்புக்காரரின் மகன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டு வந்து சம்பந்தியம்மாவை உட்கார வைத்தான். வரிசை நகரும்போதெல்லாம் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றரை மணி நேரம். பெயர் கேட்டால் வெட்கப்பட்டான்.

நான் கைப்பேசியில் அந்தோணியாரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். நமக்கு அவர் கோடி அற்புதர், தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர், அவ்வளவுதான். 1195-இல் லிஸ்பன் நகரத்தில் பிறந்தவர், பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ, பிரான்சிஸ்கன் துறவியாகி இத்தாலியில் கால் தேயப் பிரசங்கம் செய்து 1231 ஜூன் 13 அன்று பதுவை நகருக்கு வெளியே இறந்தவர், ஒரு வருஷம் முடிவதற்குள் புனிதர் பட்டம் பெற்றவர். இதெல்லாம் மறைக்கல்வி வகுப்பில் தூக்கத்தோடு கேட்டது. கேள்விப்படாத ஒன்று அகப்பட்டது. அவருக்கு வட்டிக்காரர்களைக் கண்டால் ஆகாது. வட்டிக்காரன் ஒருவனின் சவ அடக்கத்தில் பேசும்போது, இவன் இதயம் இவன் உடம்பில் இல்லை, பணப்பெட்டியில் போய்ப் பாருங்கள் என்றாராம். பார்த்தால் அங்கே இருந்ததாம். அது கதை. ஆனால் 1231 மார்ச் 15 அன்று பதுவை நகர மன்றம் போட்ட சட்டம் கதை அல்ல: தன் சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக்கூடாது. அந்தோணியாரின் வேண்டுகோளால் இது செய்யப்பட்டது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

முப்பத்து நான்கு வருஷம் கடன் பிரிவில் வாராக்கடன் கடிதம் எழுதியவன் நான். அந்த வெயிலில் நின்று அதை வாசித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"அத்தை, இவர் வட்டிக்கு விரோதி. பதின்மூன்று கொடுத்தால் போதும். மிச்சத்தை நாம் சாப்பிடலாம்."

அத்தை யோசித்தார். அவ்வளவு நேரம் யோசிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"வாங்குகிறவர்தான் வட்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொடுக்கிறவள் சொல்லக்கூடாது" என்றார்.

உள்ளே போய்ச் சேர்ந்தபோது கன்னடத் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. அத்தை எல்லாப் பதிலுரைகளையும் தமிழில், யாருக்கும் கேட்காத குரலில், ஆனால் ஒரு சொல் முந்தாமல் பிந்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிகளின்மேல் குருவானவர் போகிற போக்கில் தீர்த்தம் தெளித்தார். அட்டை நனைந்தது. பரவாயில்லை.

வெளியே வந்து மரத்தடியில் பெட்டிகளைப் பிரித்தோம். பன் வாங்க யார் வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம். பெங்களூரில் தெருவில் நின்று எதையாவது இலவசமாக நீட்டினால் மக்கள் ஒதுங்கிப் போவார்கள். இங்கே இரண்டு நிமிஷத்தில் எங்களைச் சுற்றி ஆள். தள்ளுமுள்ளு இல்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். நசுங்கினதைக் கொடுக்க நான் தயங்கினேன். ஒரு தாத்தா அதையே கேட்டு வாங்கினார், பல் இல்லையாம். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் இரண்டு கேட்டார், ஒன்று வீட்டிலிருக்கும் மகனுக்கு. முக்காலிப் பையன் தனக்கு வேண்டாம் என்றான். அத்தை அவன் சட்டைப் பையில் திணித்தார். ஏழைகளுக்கு என்றுதானே நேர்ந்துகொண்டீர்கள், போலீசுக்கும் போகிறதே என்று கேட்டேன். காலை நான்கு மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள், அவள் என்ன பணக்காரியா என்றார்.

எழுபதும் தீர்ந்தது. ஒன்று பாக்கி.

சம்பந்தியம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் கடைகளின் பக்கம் போனார். அரை மணி நேரம் ஆளைக் காணோம். நான் தேடப் புறப்படும்போது வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு காரா பன். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்டது. "சாதா பன் கிடைக்கவில்லை. காரமாக இருந்தால் அவர் கோபித்துக்கொள்வாரா என்று கேளப்பா" என்றார். அத்தை காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு அந்தப் பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை சம்பந்தியம்மாவிடம் கொடுத்தார். மறுபாதியைத் தான் தின்றார்.

"நாமும் ஏழைகள்தானே, சம்பந்தி."

எனக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கோவில் வாசலில் விட்ட என் செருப்பில் வலது காலுடையது காணாமல் போயிருந்தது. இடது கால் பத்திரமாக இருந்தது. தொலைந்ததைத் தேடித் தரும் புனிதரின் வாசலில் இது அவருக்கே நல்ல பெயர் அல்ல. அத்தையிடம் ஒரு சின்ன வேண்டுதல் வைக்கச் சொன்னேன். இன்றைக்கு அவருக்கு எத்தனை வேலை, ஒற்றைச் செருப்புக்கு அவரைக் கூப்பிடுவதா என்று மறுத்துவிட்டார். கடையில் ரப்பர் செருப்பு நூற்றிருபது ரூபாய். நீலப் பட்டை. மாலைக்குள் கால் விரலிடுக்கில் கொப்புளம்.

மாலை தேர். பூவாலும் விளக்காலும் தேரே தெரியவில்லை; கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார் அசைந்து வந்தார். வாண வேடிக்கை சத்தத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. விபூதிக்காரர் கூட்டத்தில் எங்கிருந்தோ என்னைப் பார்த்துக் கையசைத்தார், பல வருஷப் பழக்கம்போல. சம்பந்தியம்மா மட்டும் தேரைப் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பையன் முக்காலியை அவரிடமே விட்டுப் போயிருந்தான். அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் கோவில் சுவரோரம் வைத்துவிட்டு வந்தோம்.

ஜூன் 14, புதன்: மைசூரிலிருந்து பெங்களூரு

நேற்று இரவு மைசூரு பஸ்ஸில் ஏற முடியாமல் இரண்டு மணி நேரம் நின்றது, பதினொன்றரைக்கு விடுதியில் சாப்பாடு இல்லாமல் வாழைப்பழத்தோடு படுத்தது, இதையெல்லாம் விவரிக்கத் தெம்பு இல்லை. காலையில் ஒரு தோசையும் காப்பியும் உள்ளே போன பிறகுதான் மனிதனானேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைவு. அத்தைக்கு மீண்டும் பூஜ்ய டிக்கெட். புத்தகத்துக்குள் இப்போது நான்கு சேர்ந்துவிட்டது. சம்பந்தியம்மாவின் டிக்கெட்டுக்கு நான் பையில் கைவிடுவதற்குள் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தார். மத்தூரில் வடை வாங்கவில்லை. மூவரும் தூங்கிவிட்டோம்.

கன்டோன்மென்ட் நிலையத்தில் மாலை ரயில். தங்கவயலுக்குத் திரும்பும் வேலைக்காரர்கள் பிளாட்பாரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களில் ஒருவனாக மூத்தவனும் தோள்பையோடு வந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டான். அவனுக்கு இப்போது வயது நாற்பத்து நான்கு, முன்வழுக்கை. எதற்காக டோர்னஹள்ளி போனோம் என்று அவனுக்குத் தெரியாது. அத்தை சொல்ல வேண்டாம் என்றிருந்தார்.

ரயில் வந்தது. ஏறிய பிறகு அத்தை ஜன்னல் கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டார். ஏதோ மறந்துவிட்டாரோ என்று ஓடினேன், நீலச் செருப்பு பின்னால் பிடித்து இழுக்க.

"தம்பி, ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றால் பதின்மூன்றுக்கு எவ்வளவு வரும்?"

"பதினான்கு. ஏன், மறுபடியும் ஏதாவது நேர்ந்துகொண்டீர்களா? எதற்கு?"

"பதினான்கா? பரவாயில்லை, கட்டிவிடலாம்" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.